காலிங் பெல்லுக்குக் கரன்ட் உண்டா?

2012 பிப்ரவரி கடைசியில், சென்னைக்கு இனிமேல் தினம் இரண்டு மணி நேரம் பவர்கட் என்று அறிவித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதுவரை ஒரு மணி நேரம்தான். வெளியூர்க்காரர்கள், "ரெண்டு மணி நேரமெல்லாம் ஒரு பவர்கட்டாய்யா?" என்று சிரித்தார்கள். அவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு. சிரிக்கிற உரிமை அவர்களுக்கு இருந்தது.

பெசன்ட் நகரில் வீட்டுக்கு வீடு இன்வர்ட்டர் வந்து இறங்கியது. எலெக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "எந்தெந்தப் பாயின்ட்டை ஸார் இன்வர்ட்டர்ல குடுக்கணும்?" அவ்வளவுதான். குருக்ஷேத்திரம் ஆரம்பம். அஷ்டலட்சுமி கோயில் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஃப்ளாட்டில் நடந்தது இது:

"ஹால் ஃபேன், ஹால் லைட்."

"பூஜை ரூம்?"

"அகல் விளக்கு இருக்கே, போதும்."

"கிச்சன்ல மிக்ஸி?"

"அதெல்லாம் இழுக்காது மாமி. லைட் மட்டும்தான்."

"டீவி?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு, "டீவி அவசியம்" என்றார்.

யாருக்கும் ஞாபகம் வராத ஒரே ஐட்டம், வாசல் காலிங் பெல். மறுநாள் பவர்கட்டில் கேஸ் சிலிண்டர்காரர் நாலு மாடி ஏறி வந்து, பெல்லை அழுத்து அழுத்து என்று அழுத்திப் பார்த்துவிட்டு, சிலிண்டரோடு இறங்கிப் போய்விட்டார். உள்ளே மாமா ஜம்மென்று டீவி பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலிங் பெல்தான் இந்த வாரத்து விஷயம்.

உங்கள் பாக்கெட்டில் இருக்கும் செல்போன், பஸ் கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மிஷின், அப்பாவின் பிரஷர் பார்க்கும் கருவி எல்லாவற்றுக்குள்ளும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. பல சமயம் அதற்குள் ஒரு குட்டி ஆப்பரேட்டிங் சிஸ்டமும். அங்கே இதே குருக்ஷேத்திரம் தினம் தினம், ஒவ்வொரு வினாடியும் நடக்கிறது. எதை அணைப்பது? எதை அணைக்கவே கூடாது? யார் சொன்னால் அணைப்பது? இதற்கு பவர் மேனேஜ்மென்ட் என்று பெயர். மின்சார மேலாண்மை என்று தமிழில் எழுதினால் ஏதோ சூப்பிரண்டெண்டிங் இன்ஜினியர் ஆபீஸ் போல ஒலிக்கிறது. இங்கிலீஷிலேயே விட்டுவிடுவோம்.

★

இந்தப் பஞ்சாயத்தை ஊர் அளவில் யோசித்தவர்கள், பெசன்ட் நகரிலிருந்து ஆட்டோ தூரத்திலேயே இருந்தார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் கோஷ்டியும். (தொண்ணூறுகளில் கார்டெக்ட் என்று கம்பியில்லாத டெலிபோன் செய்தாரே, அவரேதான்.) அவர்கள் கேட்டது எளிமையான கேள்வி. கரன்ட் பற்றவில்லை என்றால் ஒரு ஏரியாவை ஏன் முழுசாக இருட்டடிக்க வேண்டும்? எல்லா வீட்டுக்கும் கொஞ்சூண்டு கொடுத்தால் என்ன?

வீட்டுக்கு 100 வாட். அதுவும் 48 வோல்ட் டி.ஸி.யாக. 100 வாட்டில் என்ன கிழிக்க முடியும் என்று கேட்பீர்கள். பழைய ஸீலிங் ஃபேன் ஒன்றே 70 வாட்டுக்கு மேல் சாப்பிடும், வாஸ்தவம். ஆனால் பி.எல்.டி.ஸி. ஃபேன் என்று வந்திருக்கிறதே, அதற்கு 30 வாட் போதும். இரண்டு ஃபேன், நாலு எல்.இ.டி. விளக்கு, ஒரு செல்போன் சார்ஜர். மானமாகப் பிழைக்கலாம்.

எனக்குப் பிடித்த சமாசாரம் வேறே. 'இப்போது பற்றாக்குறை' என்ற தகவலை சப்ஸ்டேஷன் அத்தனை வீட்டுக்கும் எப்படிச் சொல்லும்? தனி ஒயர் இழுக்க முடியுமா, தண்டோரா போட முடியுமா? அவர்கள் யோசனை: சப்ஸ்டேஷனில் 11 கிலோவோல்ட்டை 4.2 கிலோவோல்ட்டாக இறக்கிவிடுவது. வீட்டில் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி, வோல்டேஜ் விழுந்ததைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொள்ளும். வழக்கமான ஏ.ஸி. லைனைக் கத்தரித்துவிட்டு, 100 வாட் டி.ஸி.யை மட்டும் உள்ளே விடும். சரக்கும் அதே கம்பியில், சேதியும் அதே கம்பியில். முன்னோட்டமாகச் சில வீடுகளில் போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் தமிழ்நாட்டில் பவர்கட் குறைந்தது. நாமும் மறந்துபோனோம்.

குட்டிக் கம்ப்யூட்டருக்குள் ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்யவேண்டியது இந்தப் பெட்டியின் வேலையைத்தான். ஒரே வித்தியாசம், அங்கே சப்ஸ்டேஷன் கிடையாது. ஒரு சின்ன பாட்டரி, அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

★

என் நண்பர் ஒருவர் இந்த மாதிரிக் கருவிகளுக்கு ஸாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவர். பெயர் வேண்டாம், சங்கோஜி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துக் கீழே ரேடியோவில் சொல்லும் ஒரு பெட்டி செய்தார். சென்னையில் இதைவிட உத்தமமான கண்டுபிடிப்பு வேறென்ன இருக்க முடியும்?

பாட்டரி, காசு சைஸில் இருக்கும் 2032 ரகம். அதில் சுமார் 220 மில்லி ஆம்பியர்-அவர் சரக்கு உண்டு. பெட்டி விழித்திருக்கும்போது 10 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடுங்கள். 22 மணி நேரத்தில் பாட்டரி காலி. தினம் மொட்டைமாடி ஏறி பாட்டரி மாற்றுவதற்கு, தொட்டிக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிடலாம்.

நண்பர் என்ன செய்தார்? பத்து வினாடிக்கு ஒரு தடவை மட்டும் எழுந்திரு, ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் தண்ணீரைப் பார், சொல், தூங்கு. தூக்கத்தில் 2 மைக்ரோ ஆம்பியர்தான். சராசரி பார்த்தால் 12 மைக்ரோ ஆம்பியர். இப்போது அதே பாட்டரி 18,000 மணி நேரம் ஓடும். இரண்டு வருஷத்துக்கு மேல்! வேலையில் ஒன்றும் குறைவில்லை. சும்மா இருக்கும்போது சும்மா இருக்கக் கற்றுக்கொடுத்தார், அவ்வளவுதான். (ஆபீஸில் இதைச் செய்தால் மெமோ கொடுக்கிறார்கள்.)

மார்க்கெட்டிங் ஆசாமி வந்து பார்த்தாராம். "பிரமாதம் ஸார். ஆனா பெட்டி ஓடுதா இல்லையான்னு கஸ்டமருக்கு எப்படித் தெரியும்? ஒரு பச்சை லைட் வெச்சிடுங்க." நண்பர் பொறுமையாகக் கணக்குக் காட்டினார். அந்தப் பச்சை லைட் 2 மில்லி ஆம்பியர். எப்போதும் எரிந்தால் ஐந்து நாள்கூடத் தாங்காது. 'நான் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன்' என்று காட்டுகிற விளக்கு, மொத்தப் பெட்டியைப் போல் நூற்றைம்பது மடங்குக்கு மேல் சாப்பிடும்!

★

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரும் 29-ஸியில் இரண்டு பேர் ஏறுகிறார்கள். இருவருக்கும் அடையாறில் இறங்க வேண்டும், இருவருக்கும் தூக்கம். முதல் ஆசாமி நிமிஷத்துக்கு ஒரு தடவை திடுக்கிட்டு விழித்து ஜன்னல் வழியே பார்க்கிறார். அடையாறா? இல்லை. கண்ணை மூடுகிறார். அடையாறா? இல்லை. இரண்டாமவர் கண்டக்டரிடம், "அடையாறு வந்தா ஒரு குரல் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விடுகிறார்.

ரொம்ப காலம் ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் முதல் ஆசாமி மாதிரிதான் இருந்தன. வினாடிக்கு 100 தடவை, 250 தடவை, சிலவற்றில் 1000 தடவை, ஒரு டைமர் தட்டி எழுப்பும். ஏதாவது வேலை இருக்கிறதா? இல்லை. தூங்கு. உடனே மறுபடி தட்டும். லினக்ஸில் இந்தத் தட்டலை, வேலையில்லாத நேரத்தில் நிறுத்திவிடும் ஏற்பாடு 2007 ஏப்ரலில், 2.6.21 பதிப்பில் வந்தது. அடுத்த வேலை எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதுவரைக்கும் ஒரே அலாரம். இடையில் யாராவது பட்டனை அழுத்தினால் அந்த ஹார்ட்வேரே எழுப்பிவிடும். இது 29-ஸியின் இரண்டாம் ஆசாமி.

ஆனால் கவனித்தீர்களா, இரண்டாமவர் நிம்மதியாகத் தூங்குவது கண்டக்டர் தூங்காததால். யாராவது ஒருத்தர் விழித்திருந்தே ஆகவேண்டும். சிப்புக்குள் அதற்கென்று ஒரு மூலையை ஒதுக்கி, மற்ற எல்லாவற்றுக்கும் கரன்ட்டை வெட்டினாலும் அந்த மூலைக்கு மட்டும் வெட்டாமல் வைக்கிறார்கள். ஒரு கடிகாரம், சில பட்டன் கம்பிகள், அவ்வளவுதான் அங்கே குடியிருக்கும். அதை வடிவமைப்பவர் எதையாவது சேர்க்க மறந்தால், சிலிண்டர் திரும்பிப் போகும்.

இன்னொரு சங்கடம். எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம்? அடையாறு சிக்னலில் பைக் என்ஜினை அணைக்கலாமா வேண்டாமா என்று நீங்கள் தினம் யோசிப்பதுதான். மூன்று வினாடியில் பச்சை விழும் என்றால் அணைப்பது அசட்டுத்தனம், மறுபடி ஸ்டார்ட் பண்ணும் செலவு அதிகம். தொண்ணூறு வினாடி என்றால் அணைக்காதது அசட்டுத்தனம். ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவும் வரவும் கட்டணம் உண்டு. குறைந்தது இத்தனை நேரம் தூங்கினால்தான் கட்டுப்படியாகும் என்று ஒவ்வொரு தூக்கத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். டைமர் எப்போது அடிக்கும் என்பது சிக்னலில் எண்கள் குறைவது போலத் தெரிந்த விஷயம். பட்டனை யார் எப்போது அழுத்துவார்கள் என்பது தெரியாது. ஆகவே லினக்ஸில் கவர்னர் என்று ஒரு புரோகிராம், சமீபத்தில் எவ்வளவு நேரம் தூங்கவிட்டார்கள் என்று பார்த்து இந்தத் தடவை எவ்வளவு என்று ஜோஸ்யம் சொல்கிறது. இந்த கவர்னருக்கு மாளிகை கிடையாது.

★

சண்டை வந்தது செல்போனில்.

ஆண்ட்ராய்டு போன்கள் 2008-ல் விற்பனைக்கு வந்தபோது கூகிள்காரர்கள் வழக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். அதுவரை கம்ப்யூட்டர் விழித்திருக்கும், தூங்கு என்று சொன்னால் தூங்கும். இவர்களுடையது சந்தர்ப்பம் கிடைத்ததும் தூங்கிவிடும். யாராவது கையைப் பிடித்து 'தூங்காதே' என்றால்தான் விழித்திருக்கும். அந்தக் கைப்பிடிக்கு வேக் லாக் என்று பெயர். பாட்டுப் பாடும் புரோகிராம் ஒரு பூட்டுப் போடும். பாட்டு முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எல்லாப் பூட்டும் கழன்றதும் போன் தூங்கப் போகும்.

எங்கள் பேட்டை அபார்ட்மென்ட் மாடிப்படி விளக்கு இந்த முறைதான். கடைசியாகப் போகிறவர் அணைக்க வேண்டும். கடைசி ஆசாமி யார் என்பதில்தான் கோளாறு. ஒவ்வொருவரும் 'நமக்கப்புறம் இன்னும் யாரோ வருவார்கள்' என்று நம்பிப் போய்விடுவதால், விளக்கு விடியவிடிய எரிகிறது. போனிலும் அப்படியே. ஏதோ ஒரு உதவாக்கரை ஆப் பூட்டைப் போட்டுவிட்டு எடுக்க மறந்தால், போன் பாக்கெட்டுக்குள் ராப்பூரா கொட்டக்கொட்ட விழித்திருக்கும். காலையில் எடுத்துப் பார்த்தால் சூடு. பாட்டரி நாலு சதவிகிதம்.

2009-ல் கூகிள் இந்த ஏற்பாட்டை லினக்ஸ்காரர்களிடம் கொண்டுபோனபோது பலர் முகம் சுளித்தார்கள். தூங்கலாமா கூடாதா என்பதில் ஒவ்வொரு குட்டிப் புரோகிராமுக்கும் வீட்டோ கொடுத்தால் உருப்படுமா என்பது அவர்கள் கட்சி. அப்படியானால் அவசர வேலை யாருக்கு இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்பது இவர்கள் கட்சி. எனக்குக் கேட்டால் இரண்டு பேர் சொன்னதும் சரி. அதனால்தான் வாக்குவாதம் வருஷக்கணக்காக ஓடியது.

அதில் உருப்படியாக வெளியே வந்த விஷயம் ஒன்று, பூட்டைவிடச் சுவாரஸ்யமானது. பாங்க்கில் இரண்டு மணிக்கு ப்யூன் உள்ளே எட்டிப் பார்க்கிறார். கஸ்டமர் யாரும் இல்லை. திரும்பி ஷட்டரை இறக்க ஆரம்பிக்கிறார். அந்த இடைவெளியில் ஒரு பெரியவர் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார். ஷட்டர் மூடிவிட்டது. பெரியவர் உள்ளே! போனிலும் இதே விபத்துதான். வேலை ஏதும் இல்லை என்று பார்த்து முடித்த கணத்துக்கும், நிஜமாகத் தூங்கும் கணத்துக்கும் நடுவில் ஒரு கால் வருகிறது. எழுப்ப வேண்டிய சமிக்ஞை வந்து, ஆள் இன்னும் தூங்காததால் பயனின்றிப் போகிறது. பிறகு போன் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஊரிலிருந்து அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று வந்த காலாக அது இருந்தால்?

இதற்கு போலந்துக்காரர் ரஃபேல் வைஸாக்கி செய்த வைத்தியம் அழகு. வாசலில் ஒரு எண்ணிக்கை வை. ஷட்டரை இறக்கும் முன் எண்ணைக் குறித்துக்கொள். இறக்கி முடிக்கும்போது மறுபடி பார். எண் மாறியிருந்தால், யாரோ நுழைந்துவிட்டார்கள், ஷட்டரைத் தூக்கு. இவ்வளவுதான். 2010-ல் இது லினக்ஸில் சேர்ந்தது. இதன் மேல் கட்டிய தானியங்கித் தூக்கமும், ஆண்ட்ராய்டு பாணிப் பூட்டும் 2012 ஜூலையில் 3.5 பதிப்பில் வந்தன.

மறந்துபோகிற ஆப்கள் மட்டும் திருந்தவில்லை. 2015-ல் ஆண்ட்ராய்டு 6, பொறுமை இழந்து, டோஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. போன் மேஜை மேல் அசையாமல், சார்ஜர் இல்லாமல், திரை அணைந்து கொஞ்ச நேரம் கிடந்தால், ஆப்களின் பூட்டெல்லாம் செல்லாது. அவ்வப்போது ஜன்னலைச் சற்றே திறக்கும், எல்லோரும் அந்த நேரத்துக்குள் மெயில் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரம் போகப் போக ஜன்னல் திறக்கும் இடைவெளி நீளும். போன் கால் மட்டும் எப்போதும் போல் வரும். ஹாஸ்டல் வார்டன்கள் ஐம்பது வருஷம் முன்பே கண்டுபிடித்த முறை.

★

மேஜை மேல் கிடக்கும் போன் எழுந்திருக்கவில்லை என்றால் பட்டனை அழுத்தலாம். கை எட்டாத இடத்தில் இருந்தால்?

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. சந்திரயான்-3-ன் விக்ரம் நிலாவின் தென்பகுதியில் இறங்கியது. திட்ட இயக்குநர், நம் விழுப்புரத்து வீரமுத்துவேல். விக்ரமுக்கு சூரியத் தகட்டிலிருந்து 738 வாட். உள்ளே இருந்து உருண்டு வந்த பிரக்யானுக்கு 50 வாட். ஐ.ஐ.டி.காரர்கள் ஒரு வீட்டுக்கு ஒதுக்கியதில் பாதி! நிலாவில் ஒரு பகல் நம் கணக்கில் ஏறக்குறைய பதினாலு நாள். திட்டமும் அந்த ஒரு பகலுக்குத்தான். ராத்திரியும் அதே நீளம். குளிர், மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே. அதில் பாட்டரியும் சர்க்யூட்டும் பிழைப்பது நிச்சயமில்லை.

இருந்தும் ஒரு முயற்சி. செப்டம்பர் 2-ம் தேதி பிரக்யானைத் தூங்க வைத்தார்கள். பாட்டரியை முழுக்க சார்ஜ் செய்து, கருவிகளை அணைத்து, அடுத்த சூரிய உதயத்தில் வெளிச்சம் விழும் திசையில் தகட்டைத் திருப்பி நிறுத்தினார்கள். ரிஸீவரை மட்டும் அணைக்கவில்லை. செப்டம்பர் 4 காலை எட்டு மணி சுமாருக்கு விக்ரம். தூங்கும் முன்னால் ஒரு குதி குதிக்க வைத்திருந்தார்கள், சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பி, அதே அளவு தள்ளி இறங்கியது. படுக்கப் போகும் முன் கட்டிலில் குதிக்காத குழந்தை உண்டா? அப்புறம் கருவிகளெல்லாம் அணைந்தன. ரிஸீவர் மட்டும் விழித்திருந்தது.

எலெக்ட்ரீஷியன் கேட்ட கேள்விதான், இங்கே ஒரே ஒரு பாயின்ட்டுக்குத்தான் அனுமதி. அவர்கள் டீவியைக் கேட்கவில்லை. காலிங் பெல்லைக் கேட்டார்கள்.

செப்டம்பர் 22-ம் தேதி அங்கே விடிந்திருந்தது. பூமியிலிருந்து அழைத்தார்கள். பதில் இல்லை. திரும்பத் திரும்ப அழைத்தும் வரவில்லை.

ரஷ்யர்கள் 1970-ல் லூனகோட்-1 வண்டியை அனுப்பியபோது பொலோனியக் கணப்பு ஒன்றை உள்ளே வைத்து, ராத்திரி வந்ததும் சூரியத் தகடு பதித்த மூடியை டிபன் பாக்ஸ் போல மூடிவிட்டார்கள். பத்து மாசம் தாக்குப் பிடித்தது. 2024 ஜனவரியில் ஜப்பானின் ஸ்லிம் குப்புற இறங்கி, தகடு தப்பான பக்கம் பார்த்தது. பாட்டரி 12 சதவிகிதத்துக்கு வந்ததும் அவர்களே இணைப்பைத் துண்டித்தார்கள், மிச்சத்தை வைத்துப் பிறகு எழுப்பலாம் என்று. சில நாளில் வெயில் அந்தப் பக்கம் திரும்பியது, எழுந்தது. இரவைத் தாங்கும்படி செய்யப்படாத அந்தக் கருவி மூன்று நிலா இரவுகளைத் தாண்டியும் குரல் கொடுத்தது. சில குழந்தைகளைக் கொட்டுமேளத்துக்கும் எழுப்ப முடியாது, சிலது தானாக எழுந்து வந்து பால் கேட்கும்.

விக்ரமின் மேல் நாஸா கொடுத்த ஒரு சின்னக் குமிழ் பொருத்தியிருக்கிறார்கள். ஐந்து சென்டிமீட்டர் அகலம், அலுமினியச் சட்டத்தில் எட்டுக் கண்ணாடிப் பட்டகங்கள். எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வருகிறதோ அந்தத் திசைக்கே திருப்பி அனுப்பும். 2023 டிசம்பர் 12-ம் தேதி, நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்த அமெரிக்க விண்கலம் எல்.ஆர்.ஓ. 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து விக்ரமை நோக்கி லேசர் அடித்தது. வெளிச்சம் திரும்பி வந்தது. அந்தக் குமிழுக்கு பாட்டரி கிடையாது, ஸாஃப்ட்வேர் கிடையாது, அணைக்க ஸ்விட்ச்சும் கிடையாது. இன்னும் பல பத்து வருஷம் இப்படியே பதில் சொல்லிக்கொண்டிருக்கும் என்கிறார்கள்.